மணமும் விலையும்

கண்ணாற் கண்டதொன்றை மீண்டும் கண்டு தெளியலாம். காதாற் கேட்டதை மறுமுறை கேட்டு உறுதி செய்யலாம். மூக்கினால் அறியும் மணமோ அத்தன்மையதன்று. அது காற்றோடு வந்து, சிறிது சிறிதாக வேறுபட்டு, காற்றோடு மறைவது. இவ்வாறு நிலையாத ஒன்றைப் பொருள் கொடுத்து வாங்கப் புகுவார், நிலைத்த பொருளை வாங்குவாரினும் மிக்க விழிப்புடையராதல் வேண்டும். ஆயின், உலகியலிற் காண்பது இதற்கு மாறாகவே உள்ளது. ஒரு சேலை வாங்கச் சென்றால் விரித்துப் பார்த்து, கசக்கிப் பார்த்து, வாயிலண்டை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து வாங்குகின்ற நாம், நறுமணக் குப்பியொன்றை அரைமணி நேரத்திற்குள், கடையிலுள்ளார் சொல்லையே சான்றாகக் கொண்டு வாங்கி வந்துவிடுகின்றோம். இஃது ஏன் நிகழ்கின்றது, இதனைத் தவிர்க்குமாறு எங்ஙனம் என்பவற்றை எடுத்துரைத்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நறுமணத்தை விரும்புதல் நமக்குப் புதியதொரு வழக்கமன்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலே சந்தனமும் சுண்ணமும் மலரும் நறும்புகைப் பொருள்களும் விற்போர் வீதிகளில் திரிந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அந்நூலின் கடலாடு காதையிலே, பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டுவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவியின் கூந்தல் நறுமணம் பெற்ற செய்தி காணப்படுகின்றது. ஆதலின், மணத்தை விழைதல் வீண் ஆரவாரமென்று இகழ்வார் கூற்றை யான் உடன்படேன். விழைந்த பொருளின் இயல்பை அறியாது, பிறருடைய அவசரத்திற்கு ஆட்பட்டு வாங்குதலே குற்றமென்பது என் கருத்து.

இக்கருத்து எனக்கு நூலறிவினால் முதலில் தோன்றியதன்று, பட்டறிவினால் தோன்றியது. என் தமக்கையார் ஒரு மருத்துவமனையிற் செவிலியாகப் பணிபுரிகின்றவர். என் படிப்புச் செலவிற் பெரும்பகுதியை அவருடைய ஊதியமே தாங்கி வருகின்றது. சென்ற ஆண்டு அவர்க்குத் திருமணம் உறுதியாயிற்று. அவர்க்கு என் கையாற் பொருளீட்டி ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டுமென விழைந்து, மாலைதோறும் இரு சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து 3,000 ரூபாய் சேர்த்தேன். அதனை எடுத்துக்கொண்டு நகரத்துப் பேரங்காடி ஒன்றினுட் புகுந்தேன்.

வாயிலைக் கடந்தவுடனே நறுமணப் பகுதி இருந்தது. அங்கு நின்ற விற்பனைப் பெண் முகமலர்ந்து, “யாருக்கு வாங்குகிறீர்கள், தம்பி?” என்று வினவினார். “என் அக்காவுக்கு” என்றேன். அடுத்த பத்து நிமிடத்திற்குள் எட்டுக் காகிதக் கீற்றுகள் என் கையில் இருந்தன. மூன்றாவது கீற்றிற்குப் பின்னர் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் வேறுபாடு எனக்குப் புலப்படவில்லை. அதனைச் சொல்லவும் நாணினேன். “இதுதான் இப்போது எல்லாரும் வாங்குவது, இந்தச் சலுகை இன்றோடு முடிகிறது, இருப்பதும் இந்த ஒன்றுதான்” என்று அவர் ஒரு குப்பியைக் காட்டினார். எனக்குப் பின்னே இருவர் காத்திருந்தனர். எனக்காக இத்துணை நேரம் செலவிட்டவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்புதல் முறையாகுமோ என்னும் எண்ணமும் என்னைப் பிணித்தது. 2,850 ரூபாய் கொடுத்து அக்குப்பியை வாங்கினேன்.

அன்றிரவு ஊருக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருந்தபோது, என் சட்டைக் கையிற் பட்டிருந்த துளியை முகர்ந்தேன். கடையில் எலுமிச்சந்தோல் போலக் குளிர்ந்திருந்த மணம், இப்பொழுது காய்ந்த சர்க்கரைப்பாகு போலத் தித்தித்துக் கனத்திருந்தது. மறுநாள் என் தமக்கையார் அதனை அன்போடு பெற்று, அப்பொழுதே பூசியும் பார்த்தார். ஒரு மணி நேரம் செல்வதற்குள் தலைவலி பொறாது கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். என் முகம் வாடியதைக் கண்டு மெல்லச் சொன்னார்: “தம்பி, நோயாளிகளிடம் போகிற நாங்கள் இப்படி மணக்கக் கூடாது. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு இது துன்பம். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” ஆம், கேட்டிருக்கலாம். கடையிலுள்ளாரிடம் அரைமணி நேரம் பேசிய யான், அதனைப் பூசிக்கொள்ள வேண்டியவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அக்குப்பி இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் குறையாமல் இருக்கின்றது. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றிப் படிக்கவும், அறிந்தாரை வினவவும் தலைப்பட்டேன்.

இனி, நறுமணத் தைலமாவது யாதெனப் பார்ப்போம். இக்காலத்துக் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் எரிசாராயத்தில் கரைத்த மணப்பொருட் கலவையே. அக்கலவையிற் பல பத்துப் பொருள்கள் அடங்கியிருத்தலும் உண்டு. அவை யாவும் ஒரே விரைவில் ஆவியாவன அல்ல. எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றின் தோலெண்ணெய்கள் மிக விரைவிற் பறந்து போவன. சில நிமிடங்களிலோ கால்மணி நேரத்திலோ அவை பெரும்பாலும் மறைந்துவிடும். இதனை முன்மணம் எனலாம். ரோசா, மல்லிகை போன்ற மலர்மணங்கள் அதன்பின் எழுந்து சில மணி நேரம் நிற்கும், இது நடுமணம். சந்தனம், வெட்டிவேர், பச்சிலை, பிசின்வகைகள், கத்தூரியை ஒத்த பொருள்கள் ஆகியன மெல்ல ஆவியாகி நாள் முழுதும் தங்கும், துணியில் மறுநாளும் நிற்கும், இஃது அடிமணம். கடையில் நாம் முகர்ந்து மகிழ்வது முன்மணம். வாங்கிய பின் நம்மோடு வாழ்வது அடிமணம். என் குப்பியில் எலுமிச்சை போய்ச் சர்க்கரைப்பாகு வந்ததற்கு இதுவே காரணம். அது குப்பியின் குற்றமன்று. காலத்தை நோக்காத என் குற்றமே.

மூக்கின் இயல்பும் அறியத்தக்கது. ஒரு மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி, அதனை உணராது போகின்றது. பூக்கடையில் இருப்பார்க்குப் பூமணம் தோன்றாமையும், அடுக்களையில் இருப்பார்க்குத் தாளிப்பு மணம் தோன்றாமையும் நாம் நாள்தோறும் காண்பனவே. ஆதலின் நான்கு மணங்களுக்கு மேல் ஒருங்கே முகர்வார்க்குத் தெளிவு பிறவாது. சில கடைகளில் இடையிடையே முகர்தற்கெனக் காப்பிக் கொட்டை வைத்திருப்பர். அது வெறுங்காற்றினும் மிகுதியாக உதவுகின்றதென ஆராய்ச்சியிற் புலப்படவில்லை. வெளியே சென்று காற்று வாங்குதலே தக்க வழி.

அன்றியும், எல்லார் மூக்கும் ஒரே தன்மையன அல்ல. மணத்தை உணரும் ஏற்பிகள் நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகையாக உள்ளன. இவ்வேற்பிகளைத் தோற்றுவிக்கும் மரபணுக்களைப் பற்றி 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் இருவரும் 2004 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இவ்வேற்பிகள் ஆளுக்காள் சிறிது வேறுபடுதலின், கத்தூரியை ஒத்த பொருள்களுட் சிலவற்றின் மணத்தைச் சிலர் அறவே உணரார். எனவே, “இது மிகவும் நன்றாக மணக்கிறது” என்று பிறர் கூறும்போது, அது பொய்யாகாமலிருந்தும் நமக்குப் பொருந்தாது போகலாம். உடலின் வெம்மையும் தோலின் எண்ணெய்ப்பசையும் மணத்தை மாற்றுவன. உலர்ந்த தோலில் அது விரைவிற் போய்விடும். காகிதக் கீற்று பொருந்தாதவற்றைக் கழித்தற்கு மட்டுமே பயன்படும். பொருந்துவதைத் தேர்தற்குத் தோலே வேண்டும்.

இவ்வியல்புகளை நாம் அறியோமாயினும் விற்போர் நன்கறிவர். கடையின் அமைப்பே அதற்குச் சான்று. பாரிசு நகரத்திலே 1852 ஆம் ஆண்டு முதலாக அரிஸ்தீத் பூசிக்கோ என்பார் பங்குகொண்டு வளர்த்த போன் மார்ஷே என்னும் கடை, பேரங்காடிகளுக்கெல்லாம் முன்னோடிகளுள் ஒன்று. விலையைப் பேரம் பேசாது சீட்டிற் குறித்து வைத்தலும், எவரும் உட்புகுந்து பார்த்து வாங்காமலே திரும்பலாம் என்பதும் அக்கடை கைக்கொண்ட முறைகள். முன்னாளில் அந்நாட்டுக் கடைகள் பலவற்றிற் புகுந்தவர் ஏதேனும் வாங்குதல் கடமையெனக் கருதப்பட்டது. ஆகவே, வாங்காது திரும்பும் உரிமையை மக்களுக்கு அளித்தே பேரங்காடி பெருகியது என்பதை நாம் மறத்தலாகாது. யான் அன்று நாணி நின்றது, கடையே எனக்கு அளித்திருந்த உரிமையை யான் கைவிட்டமையாலன்றோ?

1909 ஆம் ஆண்டில் இலண்டனில் செல்பிரிட்ஜ் என்பார் பேரங்காடி திறந்தார். நறுமணப் பொருள்களை வாயிலண்டை கீழ்த்தளத்தில் வைக்கும் வழக்கம் அவர் பேரங்காடியால் பரவியதென்பர். உள்ளே வருவாரை முதலில் எதிர்கொள்வது இனிய மணமாயின், அவர் மனம் நெகிழும். வேறொன்று வாங்க வந்தவரும் சற்று நிற்பர். அதே காலத்தில் பிரெஞ்சு நாட்டு வாணிகராகிய பிரான்சுவா கோத்தி, ரெனே லலீக் என்னும் கண்ணாடிக் கலைஞரைக் கொண்டு அழகிய குப்பிகள் செய்வித்தார். மணத்தை மூக்கிற்கு மட்டுமன்றிக் கண்ணிற்கும் விற்கலாமென அவர் கண்டுகொண்டார். இதனாலே நாம் கொடுக்கும் விலையில் மணப்பொருளோடு குப்பி, பெட்டி, விளம்பரம், கடைவாடகை, வரி ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. விலை மிகுந்தது மணத்தாலும் மிகுந்தது எனக் கொள்ளுதல் பிழை.

கடையிற் செலுத்தப்படும் நெருக்குதலை நால்வகையாகப் பகுக்கலாம். ஒன்று, அவசரம், ‘இன்று மட்டும்’ என்பது. இரண்டு, அருமை, ‘இருப்பது இது ஒன்றே’ என்பது. மூன்று, புகழ்ச்சி, ‘உங்களுக்கென்றே செய்தது போலிருக்கிறது’ என்பது. நான்கு, நன்றிக்கடன், நேரமும் இன்சொல்லும் கொடுத்து, வாங்காது செல்வாரைக் கூசச் செய்வது. இந்நான்கனுள் எதுவும் மணத்தைப் பற்றியதன்று என்பதைக் கூர்ந்து நோக்குக. மணத்தைப் பற்றியது காலம் ஒன்றே. அதனைத்தான் இந்நான்கும் நம்மிடமிருந்து பறிக்கின்றன.

இனி, வாங்குமாறு கூறுவேன்.

முதலாவது, கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். பூசிக்கொள்பவர் யார்? எவ்விடத்திற் பூசிக்கொள்வார்? எவ்வளவு பொருள் செலவிடலாம்? பிறர்க்கு வாங்குவதாயின் அவரையே உடனழைத்துச் செல்க. இயலாதாயின் வேறு பரிசில் தேடுக. செலவின் எல்லையைத் தாளில் எழுதிக்கொள்ளுதல் நன்று. மனத்திற் கொண்ட எல்லை கடையின் விளக்கொளியிற் கரைந்துவிடும்.

இரண்டாவது, முதல் நாளன்று வாங்குவதில்லையென உறுதிகொண்டு செல்லல் வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளிலும், வேறு மணம் பூசியிருக்கும் நாளிலும் செல்லலாகாது. காகிதக் கீற்றில் மூன்று நான்கு மணங்களை முகர்ந்து, அவற்றுள் இரண்டைத் தேர்ந்து, இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகத் தெளித்துக்கொண்டு, நன்றி கூறிக் கடையை விட்டு வெளியேறுக. கால்மணி நேரத்தில் ஒருமுறையும், ஒரு மணி நேரத்தில் ஒருமுறையும், நான்கு மணி நேரத்தில் ஒருமுறையும், மறுநாட் காலையில் ஒருமுறையும் முகர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்க. கடையினுட் குளிர்ச்சி நிலவும். நாம் வாழ்வதோ சித்திரை வெயிலில். குளிரில் மெல்லென்றிருந்த மணம் வெயிலில் ஓங்கி எழும். பேருந்து நெரிசலில் நம் பக்கத்தில் நிற்பவர்க்கும் அது பொறுக்கத்தக்கதாதல் வேண்டும்.

மூன்றாவது, விருப்பம் நிலைத்த பின்னரும் பெருங்குப்பிக்கு விரையாது மாதிரிக் குப்பி கிடைக்குமா என வினவுக. தெளிப்பான் ஒருமுறை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லிலிட்டர் வெளிப்படும். 2 மில்லிலிட்டர் கொண்ட மாதிரிக் குப்பியில் இருபது முறை தெளிக்கலாம். நாளொன்றுக்கு நான்கு முறை எனின் ஐந்து நாளைக்கு வரும். ஐந்து நாளில், பணியிலும் ஓய்விலும் வெயிலிலும் அம்மணம் எங்ஙனம் நடந்துகொள்கின்றதென்பது விளங்கிவிடும். இம்மாதிரிக்குச் சிறுவிலை கொடுக்க நேரினும் அது வீண் செலவன்று; பெருஞ்செலவைக் காக்கும் வேலியே ஆகும்.

நான்காவது, கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 30 மில்லிலிட்டர்க் குப்பி 1,500 ரூபாயும், 100 மில்லிலிட்டர்க் குப்பி 4,000 ரூபாயும் விலையுள்ளன எனக் கொள்வோம். முன்னது மில்லிலிட்டருக்கு 50 ரூபாய். பின்னது 40 ரூபாய். பெரியதை வாங்குதலே ஆதாயமெனக் கடையிற் கூறுவர். ஆயின், 100 மில்லிலிட்டரில் ஆயிரம் முறை தெளிக்கலாம். விழாநாளில் மட்டும் பூசுவார்க்கு அது பல்லாண்டுக்கு வரும். இடையில் சலிப்புத் தோன்றி 30 மில்லிலிட்டரோடு நிறுத்திவிட்டால், பயன்படுத்திய ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 133 ரூபாய் கொடுத்தவராவோம். எனவே, குப்பியின் அளவை நோக்காது, நாம் பயன்படுத்தும் அளவை நோக்கியே விலை காணல் வேண்டும்.

ஐந்தாவது, குப்பியின்மேல் எழுதியிருப்பதைப் படித்தல் வேண்டும். பார்ஃபாம் என்பதில் மணக்கலவை நூற்றுக்கு 20 பங்கும் அதற்கு மேலும், ஓ த பார்ஃபாம் என்பதில் 15 முதல் 20 பங்கும், ஓ த துவாலெத் என்பதில் 5 முதல் 15 பங்கும், ஓ த கொலோன் என்பதில் ஏறக்குறைய 2 முதல் 5 பங்கும் இருத்தல் வழக்கம். இது தொழிலாளரிடை நிலவும் மரபேயன்றிக் கண்டிப்பான வரையறையன்று. கலவை மிகுந்தது பெரும்பாலும் நீடித்து நிற்கும். ஆனால் எல்லார்க்கும் அதுவே சிறந்ததென்பதில்லை. நம் நாட்டில் விற்கப்படும் பெட்டியின்மேல் வரிகள் உள்ளடங்கிய உயர்விலை, அளவு, செய்த காலம், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் ஆகியன இருத்தல் சட்டப்படி வேண்டற்பாலது. இவையின்றி, புகழ்பெற்ற பெயரொன்றைத் தாங்கிக் கால்விலைக்குக் கிடைப்பதை ஐயுறுக. பற்றுச்சீட்டுக் கொடாதாரிடம் வாங்கற்க.

ஆறாவது, தோலிற்கு ஊறு நேராவண்ணம் காத்தல். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பொறுத்துப் பார்க்க. சிவப்போ அரிப்போ தோன்றின் அதனை விட்டொழிக. பெர்கமாட்டு என்னும் ஒருவகை நாரத்தையின் எண்ணெய், உரிய முறையில் தூய்மை செய்யப்படாதிருப்பின், பூசிய இடத்தில் வெயில் பட்டுக் கருந்திட்டுகளை உண்டாக்க வல்லது. பட்டுச் சேலையின்மேல் நேரே தெளித்தால் கறை படியலாம். எரிசாராயம் தீப்பற்றுவதாகலின் மெழுகுவத்தியண்டையும் அடுப்பண்டையும் தெளித்தல் ஆகாது. வாங்கிய குப்பியை ஒளியும் வெப்பமும் புகாத அலமாரியில், அதன் பெட்டியோடே வைத்தால் மணம் நெடுநாள் கெடாதிருக்கும். சன்னலோரத்தில் அழகிற்கென வைத்தால் விரைவிற் கெடும்.

இங்கே, இயற்கை செயற்கை என்னும் பிரிவினையைக் குறித்தும் ஒரு சொல் கூறுதல் தகும். ‘இது முற்றும் இயற்கை’ என்பதும் கடைகளில் வழங்கும் ஒரு தூண்டில். உலர்ந்த வைக்கோல் மணமுள்ள கூமரின் என்னும் பொருளை 1868 ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கில வேதியியலார் செயற்கையாக ஆக்கினார். 1874 ஆம் ஆண்டில் வனிலாவின் மணப்பொருளும் அவ்வாறே ஆக்கப்பட்டது. 1882 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபூழேர் ருவாயால் என்னும் தைலமும், 1921 ஆம் ஆண்டில் வெளிவந்த ஷனேல் 5 என்னும் தைலமும் செயற்கைப் பொருள்களைத் துணைக்கொண்டு புகழ்பெற்றவை. ஆதலால் செயற்கை என்பதனால் இழிவில்லை; மேற்கூறிய பெர்கமாட்டைக் கருதின், இயற்கை என்பதனால் தீங்கின்மையும் இல்லை. ரோசா எண்ணெய் ஒரு கிலோ வடித்தற்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரையில் இதழ்கள் வேண்டும். இதனை அறிந்தவர், நூறு ரூபாய்க் குப்பியில் ‘தூய ரோசா எண்ணெய்’ என்று எழுதியிருப்பின் அதனை நம்பார்.

நம் நாட்டு அத்தர்களும் நினைக்கத்தக்கன. உத்தரப்பிரதேசத்துக் கன்னோசி நகரத்தில், செப்புக் கலத்தில் மலரும் நீரும் பெய்து மெல்லக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழாய் வழியே மற்றொரு கலத்திலுள்ள சந்தன எண்ணெயிற் படியச் செய்வர். சுட்ட மண்ணை வடித்து, முதல் மழையின் மண்வாசனையையே எண்ணெயில் அடக்கும் அத்தரும் அங்குச் செய்யப்படுகின்றது. எரிசாராயம் இன்மையின் அத்தர் பரந்து வீசாது, உடலோடு ஒட்டி மணக்கும். ஒரு துளியே போதும். ஆயினும், சந்தனத்தின் விலையேற்றத்தால் இக்காலத்தே வேறு மலிவான எண்ணெய்களை அடியாகக் கொள்வாரும் உளர். ஆதலின் முன்கூறிய காலத்தேர்வு அத்தருக்கும் வேண்டும். அதன் அடி யாதென வினவுதலும் வேண்டும்.

இனி, வேண்டாவெனச் சொல்லுமாறு. பலர் இடர்ப்படுவது இங்கேதான். நீண்ட காரணங்கள் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொன்றற்கும் மறுமொழி வரும். “இன்று முகர்ந்து பார்க்க மட்டும் வந்தேன், தோலில் எப்படி நிற்கிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன்” என்னும் ஒரு சொற்றொடரே போதும். அதனை முதலிலேயே சொல்லிவிடுதல் இரு திறத்தார்க்கும் நன்று. நம் காலமும் அவர் உழைப்பும் வீணாகா.

இதனை யான் சோதித்தும் பார்த்தேன். திருமணம் முடிந்து சில திங்கள் கழிந்தபின், என் தமக்கையாரோடு அதே கடைக்குச் சென்றேன். அதே விற்பனைப் பெண் அங்கு நின்றார். மேற்கூறியவாறு முதலிலேயே சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சிறிது ஆறுதலடைந்தார் போலவே தோன்றினார். “காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன், தம்பி. சாயங்காலத்துக்குள் எனக்கு எந்த மணமும் தெரியாது. இத்தனை குப்பி விற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்” என்று என் தமக்கையாரின் செவிலிப் பணியை அறிந்தபின் கூறினார். நின்றே உழைக்கும் இருவரும் கால்வலியைப் பற்றிச் சற்று நேரம் பேசிக்கொண்டனர். பின்னர் அவரே இரு மாதிரிக் குப்பிகளை எடுத்துத் தந்தார். அன்று என்னை நெருக்கியவர் அவரல்லர், அவரையும் நெருக்கிய கணக்கே என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

என் தமக்கையார் விடுமுறை நாள்களில் மட்டும் அவ்விரண்டையும் பூசிப் பார்த்தார். ஒன்றை மூன்றாம் நாளே விலக்கினார். மற்றொன்று வெட்டிவேர் மணமுள்ளது. கோடையில் தட்டியில் நீர் தெளித்தாற்போன்ற தண்மையது. இரு கிழமை கழித்து மீண்டும் சென்று, அதே பெண்ணிடம் அதன் மிகச் சிறிய குப்பியை 900 ரூபாய்க்கு வாங்கினோம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவர் அதனைத் தொடுவதில்லை.

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்து வாணிகர், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்து, பெறுவதில் மிகுதியும் தருவதில் குறைவும் இன்றி நடுவுநிலை பிழையாது ஒழுகினர் எனப் பட்டினப்பாலை அவரைப் போற்றுகின்றது. அந்நடுவுநிலை விற்பார்க்கு மட்டும் உரியதன்று, வாங்குவார்க்கும் உரியதே. தம் தேவையைத் தாமே அறிந்து, அதனை வெளிப்படச் சொல்லி, காலம் கொடுத்துத் தேர்ந்து வாங்குவார், கடையிலுள்ளாரையும் வருத்தார், தம்மையும் வருந்திக்கொள்ளார். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தாய்க்கோ தமக்கைக்கோ நறுமணம் வாங்க நினைப்பாராயின், கடைக்குச் செல்லுமுன் அவரை ஒரு சொல் கேட்பாராக.